மே மாத மதுரையில் பட்டர் க்ரீம் ஆர்டர்: வெண்ணெயா, மார்ஜரினா?

திருநகர்_ஓவன் (திங்கள், காலை 10:12)

வணக்கம். மதுரையில் வீட்டிலிருந்தே கேக், பிஸ்கட் செய்து கொடுக்கிறேன், ஒன்றரை வருஷம் ஆகிறது. இதுவரை டீ கேக்கும் பிரவுனியும்தான், எல்லாவற்றுக்கும் வெண்ணெய்தான். இப்போது ஒரு பிறந்தநாளுக்கு இரண்டு கிலோ பட்டர் க்ரீம் கேக், கூடவே மூன்று கிலோ பட்டர் பிஸ்கட் கேட்டிருக்கிறார்கள், வருகிற ஞாயிறு. மண்டபத்தில் ஏசி கிடையாது, கேக் வெட்டுவது சாயந்தரம் ஐந்து மணிக்கு. மே மாத மதுரையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாமான் வாங்கப் போன கடையில், வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயிலிருந்து செய்கிற மார்ஜரினைக் காட்டி, "வீட்டுல பண்றவங்க எல்லாரும் மார்ஜரின்தான்மா வாங்குறாங்க, விலை பாதிகூட இல்ல, கேக்கும் நல்லா எழும்பும்" என்றார்கள். என் வீட்டுக்காரர், "அது டால்டாதானே, அதையா பிள்ளைங்களுக்குக் கொடுப்ப" என்கிறார். இன்னொன்றும் இருக்கிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன மாதம் வீட்டுக்கென்று மார்ஜரின் டப்பா ஒன்று வாங்கி டீ கேக் போட்டேன். நடுவில் குழி விழுந்து, அடியில் களி மாதிரி ஒட்டிக்கொண்டு, நாய்க்குக்கூட வைக்க முடியவில்லை. மார்ஜரின் என்றாலே இப்படித்தானா, இல்லை என் கை சரியில்லையா?

குன்னூர்க்காரன் (திங்கள், 10:40)

முதலில் அந்த டப்பாவைக் குப்பையில் போடாமல் இருந்தால் திருப்பிப் பாருங்கள். கொழுப்பு எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது?

திருநகர்_ஓவன் (திங்கள், 11:05)

இருக்கிறது, மாவு அள்ள வைத்திருக்கிறேன். முன்னால் பெரிய எழுத்தில் கம்பெனி பெயர். பின்னால் பொடி எழுத்தில் "ஃபேட் ஸ்ப்ரெட்" என்று இருக்கிறது, கொழுப்பு நாற்பது சதவீதம்.

குன்னூர்க்காரன் (திங்கள், 11:20)

அப்படியானால் உங்கள் கை மேல் பழி இல்லை. நீங்கள் வாங்கியது மார்ஜரினே இல்லை, ரொட்டியில் தடவுகிற ஸ்ப்ரெட். நம் நாட்டுச் சட்டப்படி டேபிள் பட்டர் என்றால் பால் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம், ஈரம் 16 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. மார்ஜரினுக்கும் கொழுப்பு 80 இருக்க வேண்டும். ஸ்ப்ரெட் என்றால் 40இலிருந்து 80 வரை எதுவும் இருக்கலாம், மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். நீங்கள் 200 கிராம் போட்டீர்கள் என்றால் உள்ளே போன கொழுப்பு 80 கிராம்தான், அத்தோடு அரை டம்ளருக்கு மேல் தண்ணீரையும் ஊற்றிவிட்டீர்கள். களி வராமல் வேறு என்ன வரும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே கத்தி சிரமமில்லாமல் இறங்குகிற டப்பா எதையும் ஓவன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பேக்கரி_மாஸ்டர்_60 (திங்கள், மதியம் 1:30)

நான் நாற்பது வருஷம் பேக்கரியில் மாஸ்டராக நின்றவன். இரண்டையும் மூட்டை மூட்டையாகப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் சொன்னது பொய் இல்லை, மார்ஜரினில் கேக் எழும்பும். ஏன் என்று சொல்கிறேன். கொழுப்பையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கிறோமே, அப்போது சர்க்கரையின் கூர் கொழுப்புக்குள் பொடிப்பொடிக் காற்றறைகளைப் போட்டுக்கொண்டே போகும். பேக்கிங் பவுடர் புதிதாக அறை கட்டாது, ஏற்கனவே இருக்கிற அறையைத்தான் ஊதிப் பெரிசாக்கும். ஆக, அடிக்கும்போது எவ்வளவு காற்றைப் பிடித்து வைத்தீர்களோ அவ்வளவுதான் கேக். பேக்கரி மார்ஜரினை அதற்கென்றே செய்கிறார்கள், அதில் இருக்கிற கொழுப்புத் துகள் பொடியாக இருக்கும், கூடவே எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைக்கிற எமல்சிஃபையர் சேர்த்திருக்கும். முட்டையை ஒன்றிரண்டு சேர்த்து ஊற்றினாலும் திரியாது. வெண்ணெய் அப்படி இல்லை, நாம் அதற்கு அனுசரித்துப் போக வேண்டும்.

வெண்ணெயை அடிக்கச் சரியான சூடு 18இலிருந்து 20 டிகிரி. புத்தகத்தில் "ரூம் டெம்பரேச்சர்" என்று எழுதுகிறவன் குளிர் ஊரில் உட்கார்ந்து எழுதினவன். உங்கள் அடுப்படி இப்போது 35க்குக் குறையாது, வெண்ணெய் 32லிருந்து 35க்குள் முழுசாக உருகியே போய்விடும். உருகின வெண்ணெயில் காற்று நிற்காது தங்கச்சி. கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் மேலே பளபளவென்று எண்ணெய் மினுக்கக் கூடாது. மினுக்கினால் பாத்திரத்தோடு ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிஷம் வையுங்கள், அப்புறம் அடியுங்கள்.

குன்னூர்க்காரன் (திங்கள், 1:52)

மாஸ்டர் சொல்வது உங்களுக்கு. எங்களுக்கு நேர்மாறு. இங்கே ஜனவரியில் வெண்ணெயை ராத்திரியே வெளியே எடுத்து வைத்தாலும் காலையில் செங்கல். துருவுகிற கட்டையில் தேங்காய், கேரட் மாதிரி துருவிப் போட்டு அடிக்கிறேன். எங்கள் பக்கத்து வர்க்கி இருக்கிறதே, ஊட்டி வர்க்கி, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது, அதையே பெரும்பாலும் வனஸ்பதி வைத்துத்தான் போடுகிறார்கள். வெண்ணெய் போட்டால் வாசனை நன்றாக இருக்கும், அந்த மொறுமொறுப்பு வராது என்று எனக்குத் தெரிந்த ஒரு வர்க்கிக்காரர் சொல்வார்.

அரசரடி_பார்மசி (திங்கள், 3:15)

வீட்டுக்காரர் சொன்ன டால்டா விஷயத்துக்கு வருகிறேன். டால்டா என்பது வனஸ்பதி, கிட்டத்தட்ட முழுக் கொழுப்பு, தண்ணீர் கிடையாது. மார்ஜரினில் வெண்ணெயைப் போலவே 16 சதவீதம் வரை தண்ணீர் கலந்திருக்கும். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அவர் பயந்ததில் அர்த்தம் இருக்கிறது. எண்ணெயைக் கெட்டியாக்க அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகும், அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதைக் குறைக்கும். பழைய வனஸ்பதி, பழைய மார்ஜரின் எல்லாவற்றிலும் அது நிறைய இருந்தது. இப்போது 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம். அதனால் இன்றைக்குப் பெயர் தெரிந்த கம்பெனியின் சீல் வைத்த பாக்கெட்டை வாங்கினால் அந்தப் பயம் பெரும்பாலும் போய்விட்டது. உதிரியாக வெட்டிக் கவரில் போட்டுக் கொடுக்கிற மஞ்சள் கட்டியை வாங்காதீர்கள், அதில் என்ன இருக்கிறது என்று கேட்க லேபிளே கிடையாது.

அதற்காக மார்ஜரின் உடம்புக்கு நல்லது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே கிடைப்பது பெரும்பாலும் பாமாயில் அடிப்படை, பாமாயிலில் பாதிக்குப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெயிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 50 கிராம் அதுதான். பிறந்தநாள் கேக்கில் ஆரோக்கியம் தேடுவது, தீபாவளி அன்றைக்கு டயட் ஆரம்பிப்பது மாதிரி.

பழைய_பேப்பர் (திங்கள், 5:02)

கொஞ்சம் பக்கத்துச் சந்துக்குப் போய்விட்டு வருகிறேன், மன்னிக்கவும். மார்ஜரின் பிறந்ததே வெண்ணெய் வாங்க முடியாதவர்களுக்காக. பிரான்சில் மூன்றாம் நெப்போலியன், கப்பற்படைக்கும் ஏழைகளுக்கும் விலை மலிந்த, கெடாத ஒரு வெண்ணெய் வேண்டும் என்று பரிசு அறிவிக்க, 1869இல் இப்போலித் மேஜ் மூரியே என்ற வேதியியலாளர் மாட்டுக் கொழுப்பிலிருந்து செய்து காட்டினார். தாவர எண்ணெய்க்கு மாறியதெல்லாம் பின்னால். பெயர் முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வெண்ணெய்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? அமெரிக்காவில் 1886இலேயே வரி போட வைத்தார்கள். மஞ்சள் நிறம் சேர்க்கக் கூடாது என்று பல மாநிலங்களில் தடை, பால் பண்ணைகள் நிறைந்த விஸ்கான்சினில் 1967 வரைக்கும் அந்தத் தடை இருந்தது. கனடாவின் கியூபெக்கில் 2008 வரை. வெள்ளையாக விற்று, கூடவே ஒரு மஞ்சள் பொட்டலம் கொடுத்து, வீட்டில் நீங்களே பிசைந்துகொள்ளுங்கள் என்று விட்டார்கள். டால்டா இங்கே வந்தது 1937இல். அதைக் கொண்டுவந்த லீவர் கம்பெனி, அதற்கு முன்பே ஐரோப்பாவில் டச்சு மார்ஜரின் கம்பெனிகளோடு சேர்ந்து யூனிலீவர் ஆகியிருந்தது. ஆக உங்கள் வீட்டுக்காரர் சொன்ன சொந்தம் முழுக்கத் தப்பில்லை, பங்காளிகள்தான்.

மட்டக்களப்பு_மகள் (திங்கள், இரவு 8:20)

எங்கட பக்கம் இந்தச் சண்டை எப்போதோ சமாதானமாகிவிட்டது. அஸ்ட்ரா என்றால்தான் ஊரில் பாதிப் பேருக்கு மாஜரின் என்று விளங்கும், காலையில் பாணில் பூசுவதும் அதுதான். அம்மம்மாவின் பட்டர் கேக் கணக்கு எழுதவே தேவையில்லாதது: ஒரு இறாத்தல் (பவுண்டு) பட்டர், ஒரு இறாத்தல் சீனி, ஒரு இறாத்தல் மா, பத்து முட்டை. பட்டர் விலை ஏறியபிறகு அம்மா பாதி பட்டர், பாதி மாஜரின் போடத் தொடங்கினா. உண்மையைச் சொன்னால் அந்தக் கலவைதான் வெக்கையில் நன்றாக வரும், மாஜரின் காற்றைப் பிடிக்கும், பட்டர் வாசத்தைத் தரும். முழுக்க மாஜரின் போட்டால் மட்டும் அம்மம்மா கண்டுபிடித்துவிடுவா, ஒரு துண்டை வாயில் வைத்து நாக்கால் மேல் அண்ணத்தைத் தடவிவிட்டு ஒன்றும் சொல்லாமல் தட்டைத் தள்ளி வைப்பா.

பேக்கரி_மாஸ்டர்_60 (திங்கள், 9:10)

அம்மம்மாவுக்கு என் கும்பிடு. அதுதான் பரிசோதனை. வெண்ணெய் உடம்புச் சூட்டுக்குக் கீழேயே உருகுவதால் வாயில் வைத்ததும் காணாமல் போகும், வாசனை மட்டும் நிற்கும். பேக்கரி மார்ஜரின் உருகும் சூடு அதைவிட மேலே, பஃப்ஸ் மடிக்கிற மார்ஜரின் 40க்கும் மேலே. அதனால் அண்ணத்தில் மெழுகு தடவின மாதிரி ஒரு படலம் நிற்கும். டீயோடு சாப்பிட்டால் தெரியாது, கைபொறுக்கிற சூட்டில் டீ அதைக் கழுவிவிடும். ஆறின முட்டை பஃப்ஸைச் சும்மா சாப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.

திருநகர்_ஓவன் (செவ்வாய், காலை 7:45)

எல்லாருக்கும் நன்றி. படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. இன்றைக்கே 80 சதவீத மார்ஜரின் அரைக் கிலோ வாங்கி, ஒரே கணக்கில் இரண்டு கேக் போட்டுப் பார்க்கப் போகிறேன்: கொழுப்பு 125, சர்க்கரை 125, மைதா 125, முட்டை இரண்டு, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன். ஒரு சந்தேகம், வெண்ணெய் உப்புப் போட்டதுதான் கையில் இருக்கிறது. பரவாயில்லையா?

குன்னூர்க்காரன் (செவ்வாய், 8:01)

கேக்குக்குப் பரவாயில்லை, தனியாக உப்புச் சேர்க்காதீர்கள். சாதாரண டேபிள் பட்டரில் உப்பு இரண்டு மூன்று சதவீதம் இருக்கும், 200 கிராம் வெண்ணெயில் நாலிலிருந்து ஆறு கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். கேக் மேல் பூசுகிற ஐசிங்குக்கு மட்டும் அது வேண்டவே வேண்டாம், உப்பில்லாதது வாங்குங்கள். ஒரு தடவை நான் உப்பு வெண்ணெயில் ஐசிங் போட்டு, சர்க்கரை போட்ட மோர் குடித்த மாதிரி இருந்தது.

ஊத்துக்குளி_ரயில் (செவ்வாய், 9:30)

எங்கள் ஊரைப் பற்றி யாரும் பேசவே இல்லையே! ஊத்துக்குளி வெண்ணெய் இருக்கும்போது எதற்கு டப்பாவும் பாக்கெட்டும்?

திருநகர்_ஓவன் (செவ்வாய், 9:41)

உங்கள் ஊர் வெண்ணெயில் நெய் காய்ச்சித்தான் எங்கள் வீட்டில் பொங்கலே. கேக்குக்குப் போடலாமா?

ஊத்துக்குளி_ரயில் (செவ்வாய், 10:15)

போடலாம், ஆனால் கடைந்தெடுத்த வெண்ணெயில் தண்ணீர் எவ்வளவு என்று யாரும் அளந்து கொடுப்பதில்லை. நான் ஒருமுறை 100 கிராமை உருக்கிப் பார்த்தேன், நெய்யாக நின்றது 70 சொச்சம். வீட்டில் கடைந்தது என்றால் இன்னும் குறையும். குளிர்ந்த தண்ணீரில் மோர் போகிற வரைக்கும் நாலு தடவை கழுவி, மல் துணியில் முடிந்து ஃப்ரிட்ஜில் தொங்கவிட்டால் ஓரளவு வடியும். லேசான புளிப்பு இருக்கும். கேக்கில் அது தெரியாது, பிஸ்கட்டில் அருமை. நேரமில்லை என்றால் நெய்யாகவே காய்ச்சிவிடுங்கள், 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 80 கிராம் நெய்யும் ஒரு மேசைக்கரண்டி பாலும். நெய்யை உறைய வைத்துவிட்டு அடிக்க வேண்டும், உருகினதை அல்ல.

தூத்துக்குடி_உப்பு (செவ்வாய், 10:20)

எங்கள் ஊர் மக்ரூன் போடுங்கள். முந்திரி, முட்டை வெள்ளை, சர்க்கரை, அவ்வளவுதான். வெண்ணெயும் வேண்டாம் மார்ஜரினும் வேண்டாம், இந்த விவாதத்தை மூடிவிட்டு எல்லாரும் வேலையைப் பார்க்கலாம்.

திருநகர்_ஓவன் (புதன், இரவு 9:50)

போட்டாயிற்று. ஒரே டின், ஒரே சூடு, அடுத்தடுத்து. மார்ஜரின் கேக் அரை விரற்கடை உயரம் கூடுதல், மேலே வெடிப்பே இல்லை, வெட்டினால் பஞ்சு. வெண்ணெய் கேக் கொஞ்சம் அடக்கம், ஓரம் பொன்னிறம், ஓவனைத் திறந்ததும் பக்கத்து வீட்டு அக்கா "என்ன செய்ற" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள், மார்ஜரினுக்கு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்கு இரண்டாம் நாள், வெண்ணெய் கேக்கின் ருசி கூடியிருக்கிறது, மற்றது நேற்று இருந்த மாதிரியே இருக்கிறது.

எது எது என்று சொல்லாமல் வீட்டில் கொடுத்தேன். பிள்ளைகள் இரண்டு பேரும் வெண்ணெய். மார்ஜரின் ஆகாது என்ற வீட்டுக்காரர், மார்ஜரின் துண்டைத்தான் "இதுல பட்டர் வாசம் நல்லா இருக்கு" என்றார். மாமா இரண்டையும் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு மார்ஜரினைக் காட்டி, "இதுதாம்மா கேக், அந்தக் காலத்துல பேக்கரியில வாங்கித் தருவாங்களே அப்படியே இருக்கு" என்றார். எனக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

பேக்கரி_மாஸ்டர்_60 (புதன், 10:25)

உங்கள் மாமா தப்பாகச் சொல்லவில்லை. அவர் சின்ன வயசில் சாப்பிட்ட கேக்கை என்னை மாதிரி ஒருத்தன்தான் டால்டாவிலும் மார்ஜரினிலும் போட்டிருப்பான். நம் ஊர் நாக்கு கேக் என்று பழகினதே அந்த ருசி. வீட்டுக்காரருக்கு அடித்த வாசனை, கம்பெனிக்காரன் வெண்ணெய் மணத்துக்காகச் சேர்க்கிற எசன்ஸ்.

இப்போது ஆர்டருக்கு வருவோம். பிஸ்கட்டில் சமரசமே வேண்டாம், முழுக்க வெண்ணெய். சர்க்கரை ஒரு பங்கு, கொழுப்பு இரண்டு பங்கு, மைதா மூன்று பங்கு என்கிற சாமானில் வெண்ணெய் ருசியைத் தவிர மறைந்துகொள்ள வேறு எதுவும் இல்லை. மாவை அச்சில் வெட்டி அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஓவனுக்குள் தள்ளுங்கள், இல்லையென்றால் வெண்ணெய் பரந்துபோய் பிஸ்கட் தோசையாகிவிடும். கேக்குக்கு வெண்ணெயோ பாதிப் பாதியோ, உங்கள் இஷ்டம். ஐசிங்கில்தான் பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஏசி இல்லாத மண்டபம், மே மாதம், சாயந்தரம் ஐந்து மணி, முழு வெண்ணெய் ஐசிங் போட்டால் ரோஜாப்பூ எல்லாம் பாட்டு முடிவதற்குள் படுத்துவிடும். பாதி உப்பில்லா வெண்ணெய், பாதி வெள்ளை ஷார்ட்டனிங் (தண்ணீர் இல்லாத கெட்டித் தாவரக் கொழுப்பு) அல்லது மார்ஜரின், ஐசிங் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், பால் சொட்டுக் கணக்கில். கேக்கை முந்தின நாளே பூசி ஃப்ரிட்ஜில் இறுக வைத்து, வெட்டுவதற்கு அரை மணி முன்னால் கொண்டுபோங்கள்.

வேளச்சேரி_வெல்லம் (வியாழன், காலை 6:58)

ஒரு விஷயம் யாரும் கேட்கவில்லை. மார்ஜரின் கலந்தால் வாங்குகிறவரிடம் சொல்வீர்களா? "பட்டர் க்ரீம்" என்று பெயர் சொல்லிப் பாதி மார்ஜரின் கொடுப்பது எனக்கு உறுத்துகிறது. பேக்கரியில் ஃப்ரெஷ் க்ரீம் என்று விற்பதில் முக்கால்வாசி தாவரக் கொழுப்பு க்ரீம்தான், அது வேறு கதை. ஆனால் வீட்டில் செய்கிறவர்களிடம் கூடுதல் காசு கொடுத்து வாங்குவதே உள்ளே என்ன போகிறது என்று தெரியும் என்பதற்காகத்தான்.

திருநகர்_ஓவன் (வியாழன், 7:30)

நானும் அதைத்தான் யோசித்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மூன்று கிலோ பிஸ்கட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ நூறு கிராம் வெண்ணெய். என் கடை விலையில் மார்ஜரினுக்கும் அதற்கும் வித்தியாசம் நானூறு ரூபாய் பக்கம், பிஸ்கட் கிலோவுக்கு நூற்று முப்பதுதான். அதை விலையிலேயே சொல்லிக் கேட்டுவிடலாம். ஐசிங்கை இன்றைக்குப் போன் பண்ணிச் சொல்கிறேன்.

திருநகர்_ஓவன் (அடுத்த திங்கள், காலை 11:15)

அந்த அம்மாவிடம் சொன்னேன். "உருகி வழியாம இருந்தா போதும்மா, ஆனா பிஸ்கட்ல மட்டும் கலந்துராதீங்க" என்றார், கூடுதல் விலைக்கும் ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பட்டரைக் காலை நாலரை மணிக்கு அடித்தேன், பாத்திரத்துக்கு அடியில் ஐஸ். கேக்கை வெட்டும்போது மணி ஐந்தே முக்கால், பூவெல்லாம் நின்றது, கீழ் ஓரத்தில் மட்டும் லேசாக வியர்த்திருந்தது. பெரியவர்கள் சிலர் ஐசிங்கை வழித்துத் தட்டோரம் வைத்துவிட்டுக் கேக்கை மட்டும் சாப்பிட்டார்கள், அது வெண்ணெய் ஐசிங்காக இருந்தாலும் வைத்திருப்பார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிஸ்கட் டப்பா கேக் வெட்டுவதற்கு முன்பே காலி. இன்று காலை இன்னும் இரண்டு கிலோ கேட்டுப் போன்.

மாஸ்டர் அண்ணா, முட்டை பஃப்ஸும் கேட்கிறார்கள். இந்த வெயிலில் வெண்ணெயில் மடிக்க முடியுமா?

பேக்கரி_மாஸ்டர்_60 (திங்கள், 11:40)

மாட்டேன் தங்கச்சி. மார்கழியில் கேளுங்கள்.